ஏறாத பீர்

காரைக்கால் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்பக்கத் தெருவில் இருந்த ராம்கியின் பாரில், குந்தவை காய்ச்சிய பீரை முதன்முதலாகக் காசு கொடுத்து வாங்கியவர் ஒரு கொத்தனார். சட்டையில் சிமெண்ட் காய்ந்து அப்பியிருந்தது. ஒரு வாய் குடித்தார். பிறகு கிளாஸைத் தூக்கி விளக்குக்கு எதிரே பிடித்துப் பார்த்தார். பரிமாறுகிற ரெத்தினத்தைக் கையசைத்துக் கூப்பிட்டார்.

"கெட்டுப் போச்சுய்யா இது. கலங்கலா இருக்கு பாரு. வேற குடு."

குந்தவை உள்வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஆட்கள் இருக்கும்போது பாருக்குள் வர வேண்டாம் என்று ராம்கி சொல்லியிருந்தான். ஆனாலும் வந்துவிட்டாள்.

"கெடலைங்க. கோதுமை சேர்த்துக் காய்ச்சினது. வடிகட்டாம விட்டிருக்கோம். அதோட நிறமே அப்படித்தான்."

கொத்தனார் நிமிர்ந்து பார்த்தார். சுடிதாரும் முழங்கால் வரை ரப்பர் பூட்ஸுமாக ஒரு பெண் அங்கே நிற்பதை அவரால் எதோடும் சேர்த்துப் பார்க்க முடியவில்லை.

"நீங்க யாரும்மா?"

"நான்தாங்க இதைக் காய்ச்சினேன்."

அவர் கிளாஸை மரியாதையாக ஓரமாக நகர்த்தி வைத்தார். விருந்துக்குப் போன இடத்தில் ஒரு பெண் போட்ட சோற்றை வேண்டாம் என்று சொல்கிற கூச்சம் அவர் முகத்தில் இருந்தது. ரெத்தினம் வழக்கமான ஸ்ட்ராங் பாட்டில் ஒன்றைத் திறந்து வைத்ததும் அந்தக் கூச்சமும் போய்விட்டது.

குந்தவைக்கு வலங்கைமான். நுண்ணுயிரியல் படித்துவிட்டு பெங்களூருக்கு வேலைக்குப் போனவள், பீரைத் தாங்களே காய்ச்சி விற்கிற ஓர் உணவகத்தில் பரிசோதனைக்கூட ஆளாகச் சேர்ந்து, அங்கேயே தொழிலைக் கற்று, கடைசியில் காய்ச்சுகிற பொறுப்பு முழுவதையும் தன் கையில் வைத்திருந்தாள். அப்பாவுக்கு வாதத்தில் ஒரு பக்கம் விழுந்துபோன பிறகு ஊருக்குப் பக்கமாக வர நினைத்தாள். வீட்டில் அவள் உணவுக் கம்பெனியில் வேலை பார்ப்பதாகச் சொல்லியிருந்தாள். அது முழுப் பொய்யும் இல்லை.

ராம்கி சிங்கப்பூரில் பல வருஷம் ஓட்டல் நடத்திவிட்டுத் திரும்பியவன். லாட்ஜும் பாரும் அவனுடையது. நண்பர் ஒருவர் மூலம் அவள் பெயரைக் கேள்விப்பட்டு போன் செய்தான்.

"தமிழ்நாட்டுப் பக்கம் இதுக்கெல்லாம் வழியில்ல குந்தவை. காரைக்கால் பாண்டிச்சேரி கணக்கு. லைசென்ஸ் கைக்கு வந்துடுச்சு. நம்ம ஆளுங்களுக்கு நல்ல பீருன்னா என்னன்னே தெரியாது. சப்புன்னு ஒண்ணைக் குடுத்து, அதுல போதையை மட்டும் ஏத்தி விட்டுட்டாங்க. ஒரு தடவை நல்லதைக் காட்டிட்டோம்னு வையி, அப்புறம் அந்தப் பழசைத் தொடமாட்டாங்க."

அவன் அதை மனதாரத்தான் சொன்னான். அவளும் மனதாரத்தான் நம்பினாள்.

பாரின் பின்கட்டில், முன்பு கார் நிறுத்திய இடத்தில், எவர்சில்வர் டேங்குகள் வந்து நின்றன. பார்லியை முளைகட்டிக் காயவைத்த மால்ட் மூட்டைகளும், கசப்புக்கும் வாசனைக்கும் போடுகிற ஹாப்ஸ் பூவும் பெங்களூரிலிருந்து லாரியில் வந்தன. திருநள்ளாறு பக்கத்து ரைஸ் மில் ஒன்றிலிருந்து நொய் வாங்கி அதையும் சேர்த்துப் பார்த்தாள். அரிசி சேர்ந்தால் பீர் லேசாக, தொண்டையில் நிற்காமல் இறங்கும். இந்த வெயிலுக்கு அதுதான் சரி என்று தோன்றியது. டேங்கின் மூடியைத் திறந்து முதல் வாசனையைப் பிடித்த அன்று, பெங்களூரில் செய்த எதைவிடவும் இது நன்றாக வந்திருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது.

ஆனால் அந்தக் கொத்தனார் சொன்னதைத்தான் எல்லோரும் வேறு வேறு வார்த்தைகளில் சொன்னார்கள். கஷாயம் மாதிரி இருக்கிறது என்றார் ஒரு வேன் டிரைவர். நுரைதான் பாதி கிளாஸ் இருக்கிறது, ஏமாற்றுகிறார்கள் என்றார் மீன் ஏலக்காரர். வாசனை தெரிய வேண்டும் என்று அவள் குளிரைக் கொஞ்சம் குறைத்து வைத்தாள். "பிரிட்ஜ் ரிப்பேரா?" என்று கேட்டார்கள். ஊறுகாயை நக்கிவிட்டுக் குடித்தால் நாக்கு மரத்துப்போகும் என்று சொல்லி ஊறுகாய்ப் பொட்டலத்தை நிறுத்தினாள். அன்று மாலை நடந்த ரகளையில் இரண்டு நாற்காலிகள் உடைந்தன. மறுநாளே ராம்கி ஊறுகாயைக் கொண்டு வந்து வைத்தான்.

சின்னச் சின்ன கிளாஸ்களில் நாலு வகையை ஊற்றி, இலவசமாகக் கொடுத்துப் பார்த்தாள். ஒவ்வொன்றும் என்ன, எதனால் அந்த நிறம், எதனால் அந்த மணம் என்று ஒவ்வொரு மேசையாகப் போய் நின்று சொன்னாள். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்கள். கடைசியில் எல்லா மேசையிலும் ஒரே கேள்விதான் வந்தது.

"இது ஏறுமாம்மா?"

"மெதுவா ஏறுங்க. அஞ்சு பர்சென்ட்தான். ருசிக்காகக் குடிக்கிறது."

"ருசிக்கு வீட்ல ரசம் இருக்குதே" என்றார் ஒருவர். அவர் கிண்டலாகச் சொல்லவில்லை.

குந்தவைக்கு அவர்கள்மேல் கோபம் வரவில்லை. வந்திருந்தால் எளிதாக இருந்திருக்கும். பகல் முழுக்க நெல் மூட்டை சுமந்துவிட்டு, எல்லை தாண்டி பஸ் பிடித்து வருகிறவருக்கு, கடைசி பஸ்ஸுக்கு முன்னால் உடம்பு தன்னை மறக்க வேண்டும். கிளாஸில் என்ன மணக்கிறது என்று கண்டுபிடிக்க அவர் வரவில்லை. இது அவளுக்குப் புரிந்துதான் இருந்தது. ஆனாலும் பத்துப் பேரில் ஒருத்தர் கூடவா இருக்கமாட்டார் என்று நினைத்தாள்.

ஒருத்தர் இருந்தார். பஞ்சநதம் என்று பெயர். பேரளம் பக்கத்துக் கிராமம். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். சொந்தமாக ஒரு அறுவடை மிஷின் வைத்து, குறுவைக்கும் சம்பாவுக்கும் ஊர் ஊராக ஓட்டினார். அவர் பிராந்தி ஆள். தினமும் மொபெட்டில் வந்து மூலை மேசையில் தனியாக உட்கார்ந்து, பேசாமல் குடித்துவிட்டு, பேச முடியாமல் போவார். ஒரு நாள் வயிற்றில் எரிச்சல், பிராந்தி வேண்டாம் என்றார். ரெத்தினம் வேறு வழியில்லாமல் குந்தவையின் கோதுமை பீரைக் கொண்டு வைத்தார்.

பஞ்சநதம் பாதி கிளாஸ் குடித்ததும் நிறுத்தி, மீண்டும் முகர்ந்து பார்த்தார். உள்வாசலில் நின்ற குந்தவையைப் பார்த்து, "தங்கச்சி, இதுல வாழைப்பழம் போட்டீங்களா?" என்று கேட்டார்.

குந்தவை வாசலை விட்டு அவர் மேசைக்கே வந்தாள்.

"போடலைங்க. ஈஸ்ட்டு பண்ற வேலை. அந்த மணம் தானா வரும்."

"தானாவா வருது?" அவர் இன்னொரு முறை முகர்ந்தார். "நல்லாருக்கே."

மறுநாளும் வந்து அதையே கேட்டார். அதற்கடுத்த நாளும். இரண்டு கிளாஸ், ஒரு தட்டு சுண்டல், அவ்வளவுதான். குடித்துக்கொண்டே பேச ஆரம்பித்தார். மிஷினின் செயின் சேற்றில் மாட்டிக்கொண்டது, மழையில் படுத்துவிட்ட கதிரை அறுப்பது எவ்வளவு கஷ்டம், கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் பார்க்கிறவன் பண்ணுகிற அழும்பு. குந்தவை புதிதாக எதைக் காய்ச்சினாலும் முதல் கிளாஸ் அவருக்குத்தான் போனது. அவர் பிடிக்காததைப் பிடிக்கவில்லை என்று சொன்னார். கறுப்பாக வறுத்த மால்ட்டில் செய்ததைக் குடித்துவிட்டு, "இது அடிப்பிடிச்ச பாயசம் தங்கச்சி" என்று முகத்தைச் சுளித்தார். அவள் வாய்விட்டுச் சிரித்தாள். காரைக்காலுக்கு வந்த பிறகு அவள் அப்படிச் சிரித்தது அதுதான் முதல் தடவை.

ஒரு நாள் காலை, பார் திறப்பதற்கு முன்னால், ஒரு பெண்மணி பின்கட்டுக் கதவைத் தட்டினார். கையில் பை நிறைய வெண்டைக்காய்.

"பெங்களூர் மேடம்ங்கறது நீங்களா? நான் வள்ளியம்மை. மிஷின்காரர் வீட்ல."

குந்தவை பயந்துபோனாள். சண்டைக்கு வந்திருக்கிறார் என்றே நினைத்தாள். வள்ளியம்மை வெண்டைக்காயை அவள் கையில் கொடுத்தார்.

"கொல்லையில காய்ச்சது. வச்சுக்குங்க. இருபத்தஞ்சு வருஷம் அவரு வர்ற வழியைப் பாத்து ரோட்டுல நின்னிருக்கேன். எந்த வாய்க்கால்ல கிடக்காரோன்னு டார்ச் எடுத்துக்கிட்டுத் தேடிப் போயிருக்கேன். இப்ப ரெண்டு மாசமா தானா வண்டியை உருட்டிக்கிட்டு உள்ள வராரு. சாப்புடறாரு. சோத்துல உப்பு கம்மின்னு சொல்றாரு." வள்ளியம்மைக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "உப்பு கம்மின்னு சொல்லி எத்தனை வருஷமாச்சு தெரியுமா? நிறுத்த வைக்க முடியலம்மா. இதுலயாவது நிக்கட்டும்."

அவர் போன பிறகு குந்தவை ராம்கியிடம் ஓடிப்போய்ச் சொன்னாள். "ஒருத்தர் மாறிட்டாருண்ணே. மத்தவங்களும் வருவாங்க. கொஞ்சம் டைம் குடுங்க."

ராம்கி கேட்டுக்கொண்டான். அவன் முகம் வாடியிருந்தது. "ஒருத்தர்தான் குந்தவை" என்றான். "டேங்க் நிறைய காய்ச்சிட்டு ஒருத்தருக்கு ஊத்திக்கிட்டு இருக்கோம். மிச்சத்தை எல்லாம் சாக்கடைக்கு ஊத்தறேன். மனசு ஆறல."

அதற்குப் பிறகுதான் பீர் விற்க ஆரம்பித்தது. திடீரென்று எல்லா மேசையிலும் அவளுடைய கிளாஸ்கள் இருந்தன. "மேடம் ஸ்பெஷல் ஒண்ணு" என்று கேட்டு வாங்கினார்கள். கிளாஸை விளக்கில் பிடித்துப் பார்த்த அந்தக் கொத்தனார் கூட அடுத்தடுத்து மூன்று குடித்தார். குந்தவை வலங்கைமானுக்குப் போன் செய்து, வேலை நன்றாகப் போகிறது என்று அம்மாவிடம் சொன்னாள். அம்மா என்ன வேலை என்று கேட்கவில்லை.

கழுவப் போட்டிருந்த கிளாஸ் ஒன்றை ஒரு நாள் தற்செயலாக எடுத்தாள். அதிலிருந்து கருகிய சர்க்கரை வாடை வந்தது. அடுத்ததை எடுத்தாள். அதிலும் அதே வாடை. மலிவுப் பிராந்தி.

"யாரு ஊத்தினது?"

ரெத்தினம் தலையைக் குனிந்துகொண்டார். "மொதலாளிதாங்க சொன்னாரு. கிளாஸுக்கு அடியில கொஞ்சமா ஊத்திட்டு மேல உங்க பீரை ஊத்தச் சொன்னாரு. கேக்கறவங்களுக்குச் சொல்லித்தான் குடுக்கறோம்."

"கேக்காதவங்களுக்கு?"

ரெத்தினம் கிளாஸ்களைக் கழுவ ஆரம்பித்தார்.

ராம்கியிடம் அவள் கத்தினாள். அவன் திருப்பிக் கத்தவில்லை. "நான் என்ன பண்ணட்டும்? நீ காய்ச்சறதை ஒரு வாய் குடிச்சுட்டு வச்சுடறாங்க. இப்படிக் குடுத்தா முழுசாக் குடிக்கிறாங்க. உன் பீர் அவங்க வயித்துக்குள்ள போகுதா இல்லையா? பழகட்டும். பழகினப்புறம் கொஞ்சம் கொஞ்சமா குறைச்சுடலாம்."

"குறைக்க மாட்டீங்கண்ணே."

"குறைக்கலாம்" என்றான், கீழே பார்த்துக்கொண்டு.

அன்றைக்கே பெட்டியைக் கட்டியிருக்கலாம். ஆனால் டேங்கில் புதிதாக ஒன்று நொதித்துக்கொண்டிருந்தது. பஞ்சநதமும் இருந்தார். அவருக்கு மட்டும் எதுவும் கலக்கக்கூடாது என்று ரெத்தினத்திடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். அவள் நின்று பார்த்துக்கொண்டிருந்த நாட்களில் ரெத்தினம் அந்தச் சத்தியத்தைக் காப்பாற்றினார்.

தை மாதக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை குந்தவை அப்பாவைப் பார்க்க வலங்கைமான் போனாள். சம்பா அறுப்பு உச்சத்தில் இருந்தது. அறுவடை ஆட்களும் மூட்டை தூக்குகிறவர்களும் கையில் கூலியோடு கூட்டமாக வந்து பாரை நிரப்பியிருந்தார்கள். ரெத்தினம் வரிசையாகக் கிளாஸ்களை வைத்து, எல்லாவற்றிலும் அடியில் ஊற்றி, எல்லாவற்றையும் மேலே நிரப்பினார். பஞ்சநதத்தின் மேசைக்கும் அதிலிருந்துதான் போனது. அவர் அன்று இரண்டோடு நிறுத்தவில்லை.

திரும்பி வந்த திங்கள்கிழமை மத்தியானம் ரெத்தினமே அவளிடம் சொன்னார். பஞ்சநதம் அம்பகரத்தூர் தாண்டி, மதகுக் கட்டையில் மொபெட் மோதி, வாய்க்காலுக்குள் விழுந்திருக்கிறார். வாய்க்காலில் தண்ணீர் அதிகம் இல்லாததால் உயிர் தப்பியது. காலையில் அறுப்புக்கு வந்தவர்கள்தான் பார்த்திருக்கிறார்கள்.

திருவாரூர் ஆஸ்பத்திரியில் எலும்பு முறிவு வார்டில், ஜன்னலோரக் கட்டிலில் கிடந்தார். இடுப்பும் முதுகெலும்பின் கீழ்ப்பகுதியும் நொறுங்கியிருந்தன. கால்களில் உணர்ச்சி வருமா என்று டாக்டர்கள் இன்னும் சொல்லவில்லை. முகத்தில் மட்டும் அடி இல்லை. அவளைப் பார்த்ததும், "வாங்க தங்கச்சி" என்றார், பாரில் வரவேற்கிற மாதிரியே.

குந்தவை கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அண்ணே, அன்னைக்குக் குடுத்தது என்னோடது இல்ல. அதுல பிராந்தி கலந்திருந்தாங்க. உங்களுக்குத் தெரியாம குடுத்துட்டாங்க."

"தெரியும்" என்றார் பஞ்சநதம்.

அவள் அவரையே பார்த்தாள்.

"வாயில வச்சதுமே தெரிஞ்சுடுச்சு. அந்த வாழைப்பழ வாசனையே இல்ல. இது உங்க கை இல்லன்னு தெரிஞ்சுது."

"அப்புறம் ஏங்கண்ணே குடிச்சீங்க?"

அவர் மேலே சுற்றுகிற மின்விசிறியைப் பார்த்தபடியே சொன்னார்.

"உங்ககிட்ட பொய் சொல்லக்கூடாது. நல்லாருந்துச்சு. உங்களுது நல்லாயில்லன்னு சொல்லல. அது மணமா இருக்கும், பேச்சுத் தோணும், வீட்டுக்குப் போகத் தோணும். ஆனா அன்னைக்கு ரெண்டாவது கிளாஸ்ல எல்லாம் விட்டுப் போச்சு தங்கச்சி. முதுகு வலி, மிஷின், மழை, எல்லாம். எத்தனை மாசமா அதுக்காக உள்ளுக்குள்ள ஏங்கிக்கிட்டு இருந்திருக்கேன்னு அப்பதான் தெரிஞ்சுது."

குந்தவை கட்டில் கம்பியிலிருந்து கையை எடுத்தாள்.

வெளியே வராந்தாவில் வள்ளியம்மை தரையில் உட்கார்ந்திருந்தார். குந்தவை எதிரில் உட்கார்ந்து, நடந்ததை ஒன்றும் மறைக்காமல் சொன்னாள். யார் கலந்தது, எப்போதிலிருந்து கலந்தார்கள், தெரிந்த பிறகும் தான் ஏன் அங்கேயே இருந்தாள் என்பது வரைக்கும் சொன்னாள். வள்ளியம்மை திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். திட்டினால் தேவலை என்று இருந்தது.

"யாரு எதைக் கலந்தா எனக்கென்னம்மா" என்றார் வள்ளியம்மை. குரல் உயரவே இல்லை. "உங்களைப் பாத்துட்டு வந்த அன்னையிலேருந்து ரோட்டுல போய் நிக்கறதை விட்டுட்டேன். சோத்தை மூடி வச்சுட்டுப் படுத்துடுவேன். இருபத்தஞ்சு வருஷத்துத் தூக்கம்மா. அன்னைக்கும் தூங்கிட்டேன். பழைய மாதிரி டார்ச் எடுத்துக்கிட்டுப் போயிருந்தா, விழுந்த கொஞ்ச நேரத்துல தூக்கியிருப்பேன். விடிய விடியக் கிடந்ததாலதான் காலுக்கு இந்த நிலமைன்னு டாக்டர் சொல்றாரு."

பிறகு எழுந்து, மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனார்.

ராம்கியும் ஆட்டம் கண்டுவிட்டான். கலக்குவதை அன்றே நிறுத்தினான். சுவரில் குந்தவையின் பீர் வகைகளை எழுதி ஒட்டச் சொன்னான். "உன் இஷ்டத்துக்கு நடத்து. நான் தலையிட மாட்டேன்" என்றான். அவள் தன் வாழ்க்கையிலேயே நன்றாக வந்த பீரை அந்த வாரம்தான் டேங்கில் இருந்து இறக்கினாள். நொய்யும் நார்த்தங்காய்த் தோலும் சேர்த்தது. நுரை பால் ஆடை மாதிரி நின்றது. ஆட்கள் வந்தார்கள், ஸ்பெஷல் கேட்டார்கள், இல்லை என்றதும் பக்கத்துத் தெரு பாருக்குப் போனார்கள். அங்கே பாட்டில் பீரிலேயே பிராந்தியை ஊற்றி, அதே பெயரில் விற்க ஆரம்பித்திருந்தார்கள். "மேடம் ஸ்பெஷல்" என்று பலகை கூட வைத்துவிட்டார்களாம்.

மாசி முடிவதற்குள் கும்பகோணத்திலிருந்து ஒரு பால் வியாபாரி வந்து டேங்குகளைத் தட்டிப் பார்த்து விலை பேசினார். அவர் லாரி கொண்டுவருவதற்கு முந்தின நாள், குந்தவை அடியில் இருந்த குழாயைத் திறந்துவிட்டாள். பொன் நிறத்தில் ஓடி, பின்கட்டுச் சாக்கடையில் விழுந்தது. தெருவே நார்த்தங்காய் மணந்தது. ராம்கி மாடிப்படியில் நின்று பார்த்துவிட்டு உள்ளே போனான்.

இப்போது குந்தவை பூம்புகாருக்குத் தெற்கே, கடலோரத்தில், இறால் குஞ்சு பொரிக்கிற பண்ணை ஒன்றில் வேலை பார்க்கிறாள். தொட்டித் தண்ணீரில் நோய்க்கிருமி இருக்கிறதா என்று பார்ப்பது வேலை. அம்மாவுக்கு நிம்மதி. என்ன வேலை என்று யார் கேட்டாலும் சொல்ல முடிகிறது.

ரெத்தினம் எப்போதாவது போன் செய்வார். போன வாரம் செய்தபோது பஞ்சநதத்தைப் பற்றிச் சொன்னார். மிஷினை விற்றுவிட்டார்கள். கால் வரவில்லை. கட்டிலோடுதான் இருக்கிறார். வலி வந்தால் ஊருக்கே கேட்கிற மாதிரி கத்துகிறாராம்.

"மருந்து குடுக்கலையாண்ணே?"

"குடுக்கறாங்க. நிக்கலையாம்." ரெத்தினம் குரலைத் தாழ்த்தினார். "இப்ப மிஷின்காரர் வீட்டம்மாவே பஸ் ஏறி வராங்க மேடம். பையில வச்சு மறைச்சு பிராந்தி வாங்கிக்கிட்டுப் போறாங்க. நேத்தும் வந்தாங்க. எங்கிட்ட முகம் குடுத்துப் பேசல."

குந்தவை சரி என்றாள். அவர் இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அவள் கேட்டு முடித்துவிட்டு போனை வைத்தாள். ஏழாம் தொட்டியின் தண்ணீர் பாட்டிலில் வந்து காத்திருந்தது. கையுறையை மாட்டிக்கொண்டு மூடியைத் திறந்தாள்.